சர்க்கரை நோய்: செல்லிலிருந்து பாதம் வரை

(இரண்டாம் ஆண்டு, எலெக்ட்ரிகல் பிரிவு)



"தலைவலியும் திருகுவலியும் தனக்கு வந்தால்தான் தெரியும்" என்பது பழமொழி. தனக்கே வந்தாலும் தெரியாத நோய் ஒன்று உண்டு. அதுதான் சர்க்கரை நோய். நீரிழிவு, மதுமேகம் என்றும் இதற்குப் பெயர்கள் உண்டு. நம்ம வீடுகளில் சுருக்கமாக 'சுகர்' என்கிறார்கள். "அவருக்கு சுகர் இருக்கு" என்ற பேச்சு கேட்காத தெரு இன்று திருவண்ணாமலையில் இருக்குமா என்பது சந்தேகமே.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னையில் உள்ள மெட்ராஸ் டயபடிஸ் ரிசர்ச் பவுண்டேஷனும் சேர்ந்து நாடு முழுவதும் நடத்திய ஆய்வின் முடிவு 2023-ல் வெளிவந்தது. 1,13,043 பேரைப் பரிசோதித்த அந்த ஆய்வின்படி, இந்தியாவில் சுமார் 10 கோடியே 10 லட்சம் பேருக்குச் சர்க்கரை நோய் உள்ளது. மேலும் 13 கோடியே 60 லட்சம் பேர் அதன் வாசற்படியில் நிற்கிறார்கள். இது பணக்காரர்களுக்கு வரும் வியாதி என்று சிலர் இன்னும் சொல்கிறார்கள். இதே ஆய்வின் முதல் கட்ட முடிவு 2011-ல் வந்தபோதே தமிழ்நாட்டு நகரங்களில் 100-க்கு 13.7 பேருக்கும், கிராமங்களில் 100-க்கு 7.8 பேருக்கும் இந்நோய் இருப்பது தெரிந்துவிட்டது. அதாவது கலப்பை பிடிப்பவரையும் தறியில் உட்காருபவரையும் இது விட்டு வைக்கவில்லை.

'பாலிடெக்னிக் மாணவனுக்கு இதில் என்னப்பா வேலை?' என்று நீங்கள் கேட்கலாம். இரண்டு காரணங்கள் சொல்கிறேன். முதலாவது, சர்க்கரை நோய் என்பது ஒரு கண்ட்ரோல் சிஸ்டம் கெட்டுப்போவதுதான். அதை நம்மைவிட யார் எளிதாகப் புரிந்துகொள்ள முடியும்? இரண்டாவது, ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் ஆங்கிலத்தில்தான் வருகிறது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் படிக்க வந்த முதல் ஆள் நான். ஆகவே ரிப்போர்ட்டாக இருந்தாலும் மாத்திரை அட்டையாக இருந்தாலும் "இதுல என்ன போட்டிருக்கு பாரு" என்று என் கைக்குத்தான் வரும். உங்களில் பலர் வீட்டிலும் இதே கதைதான் என்பது எனக்குத் தெரியும். படிக்கத் தெரிந்த நமக்கு அதன் பொருளும் தெரிந்திருக்க வேண்டும் அல்லவா?

உடம்புக்குள் ஒரு தெர்மோஸ்டாட்

முதலில் ஒரு சிறு கணக்கு. வெறும் வயிற்றில், நோய் இல்லாத ஒருவரின் 100 மில்லி ரத்தத்தில் குளுக்கோஸ் 100 மில்லிகிராமுக்குள் இருக்கும். உடம்பில் உள்ள ரத்தம் சுமார் 5 லிட்டர், அதாவது 5,000 மில்லி. பெருக்கிப் பார்த்தால் மொத்தம் 5 கிராம்தான் வருகிறது. ஒரு டீஸ்பூன் சர்க்கரை! நாம் மதியம் சாப்பிடும் ஒரு தட்டு சோற்றில் இதைப்போல் பத்து மடங்குக்கு மேல் மாவுச்சத்து இருக்கிறது. அது முழுவதும் குளுக்கோஸாக மாறி ரத்தத்தில் இறங்கினாலும், இரண்டு மணி நேரத்துக்குள் அளவு 140-க்குக் கீழே வந்துவிடுகிறது. இது எப்படி நடக்கிறது?

அயர்ன் பாக்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். சூடு ஏறினால் தெர்மோஸ்டாட் கரண்டைத் துண்டிக்கும், சூடு இறங்கினால் மீண்டும் இணைக்கும். நம் உடம்பில் இந்த வேலையைச் செய்வது வயிற்றுக்குப் பின்னால் இருக்கும் கணையம். 1869-ல் ஜெர்மனியைச் சேர்ந்த பால் லாங்கர்ஹான்ஸ் என்பவர் மைக்ராஸ்கோப்பில் கணையத்தைப் பார்த்தபோது, அதில் ஆங்காங்கே சிறு சிறு திட்டுகள் இருப்பதைக் கண்டார். அப்போது அவரும் நம்மைப் போல் ஒரு மாணவர்தான். அத்திட்டுகளில் உள்ள பீட்டா செல்கள் இன்சுலினைச் சுரக்கின்றன. இன்சுலின் ரத்தச் சர்க்கரையைக் குறைக்கும். பக்கத்திலுள்ள ஆல்பா செல்கள் குளுககான் என்ற பொருளைச் சுரக்கின்றன. அது சர்க்கரையை உயர்த்தும்.

பீட்டா செல்லுக்குச் சர்க்கரை கூடியது எப்படித் தெரிகிறது? இங்கேதான் எலெக்ட்ரிகல் மாணவனான எனக்கு ஆச்சரியம். அந்தச் செல் உண்மையில் ஒரு மின்கருவி! ஓய்வாக இருக்கும்போது அதன் சவ்வின் உள்பக்கம் வெளிப்பக்கத்தைவிடச் சுமார் 70 மில்லிவோல்ட் எதிர்மின் நிலையில் இருக்கும். குளுக்கோஸ் உள்ளே வந்து எரிந்து ஏ.டி.பி. என்ற ஆற்றல் பொருள் கூடினால், பொட்டாசியம் வெளியேறும் வாய்கள் மூடிக்கொள்கின்றன. வோல்டேஜ் மாறுகிறது. உடனே கால்சியத்துக்கான வாய்கள் திறக்கின்றன. கால்சியம் உள்ளே பாய்ந்ததும், தயாராக வைத்திருந்த இன்சுலின் பொட்டலங்கள் வெளியே கொட்டப்படுகின்றன. கிளைமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகள் இந்தப் பொட்டாசியம் வாயை மூடித்தான் வேலை செய்கின்றன. நம் வீட்டு அலமாரியில் இருக்கும் மாத்திரைக்குள் ஒரு சுவிட்ச் இருக்கிறது!

கதவு உள்ள வீடும் கதவில்லாத வீடும்

வெளியே வந்த இன்சுலின் ரத்தத்தோடு சென்று தசைச் செல்லின் மேலுள்ள ரிசெப்டாரில் உட்காருகிறது. அந்தச் செய்தி உள்ளே போனதும், செல்லுக்குள் மடங்கிக் கிடக்கும் குளுட்-4 என்ற புரதக் கதவுகள் சவ்வுக்கு வந்து பொருந்துகின்றன. குளுக்கோஸ் உள்ளே நுழைகிறது. சர்க்கரை நோயில் இந்த ஏற்பாடுதான் கெடுகிறது.

முதல் வகையில், உடம்பின் எதிர்ப்புச் சக்தியே பீட்டா செல்களைத் தவறாகத் தாக்கி அழித்துவிடுகிறது. சாவி செய்யும் பட்டறையே போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் சிறு வயதில் வரும். இன்சுலின் ஊசி இல்லாமல் இவர்களால் உயிர் வாழ முடியாது. இரண்டாவது வகைதான் நம் ஊரில் மிக அதிகம். இதில் சாவி இருக்கிறது, பூட்டு துருப்பிடித்துவிட்டது. இன்சுலின் வந்து தட்டினாலும் கதவு சரியாகத் திறப்பதில்லை. கணையம் மேலும் மேலும் சுரந்து, சில ஆண்டுகளில் களைத்துவிடுகிறது. கல்லீரலும் தேவையில்லாமல் சர்க்கரையை ரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கும். மெட்பார்மின் மாத்திரை முக்கியமாக இதைத்தான் குறைக்கிறது.

இனி முக்கியமான செய்திக்கு வருகிறேன். நரம்பு, கண்ணின் விழித்திரை, சிறுநீரகம் ஆகியவற்றில் உள்ள பல செல்கள் இன்சுலினுக்காகக் காத்திருப்பதில்லை. அவை கதவில்லாத வீடுகள். வெளியே சர்க்கரை கூடினால் உள்ளேயும் அது கூடிவிடும். இந்நோய் கண்ணையும் சிறுநீரகத்தையும் நரம்பையும் தேடித் தேடிக் கெடுப்பதற்கு இது ஒரு காரணம். அவற்றுக்கு உணவு கொண்டுபோகும் மெல்லிய ரத்தக் குழாய்களும் சேர்ந்து பழுதாகின்றன.

இதெல்லாம் நடக்கும்போது வலிக்குமா? வலிக்காது. ரத்தச் சர்க்கரை சுமார் 180-ஐத் தாண்டிய பிறகுதான் சிறுநீரில் சர்க்கரை இறங்கும். அது தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போவதால் அடிக்கடி சிறுநீர், தாகம், களைப்பு எல்லாம் வரும். 'நீரிழிவு' என்ற பெயரே அதிலிருந்து வந்ததுதான். ஆனால் 130, 150 என்று இருக்கும் ஆள் எந்தத் தொல்லையும் இல்லாமல் ஆண்டுக்கணக்கில் நடமாடுவார். "எனக்கு என்னப்பா, நல்லாத்தானே இருக்கேன்" என்பார். ஆகவே அளந்து பார்த்தால் ஒழிய இந்நோய் தெரியாது.

இன்சுலின் வந்த கதை

1921-ல் கனடா நாட்டு டொரண்டோ நகரில் பிரடெரிக் பேண்டிங் என்ற டாக்டரும் சார்லஸ் பெஸ்ட் என்ற மாணவரும் பேராசிரியர் மெக்லியாடின் ஆய்வுக்கூடத்தில் நாயின் கணையத்திலிருந்து இன்சுலினைப் பிரித்தெடுத்தனர். அதைச் சுத்தப்படுத்தும் வேலையில் காலிப் என்ற வேதியியல் அறிஞர் உதவினார். 1922 ஜனவரியில் லியோனார்ட் தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவன் முதன்முதலில் அந்த ஊசியைப் போட்டுக்கொண்டு பிழைத்தான். அதற்கு முன் முதல் வகை நோய் வந்த பிள்ளைகளுக்குப் பட்டினி வைத்தியம்தான். அதுவும் சில மாதங்கள் அல்லது சில ஆண்டுகளுக்குத்தான் தாங்கியது.

இன்சுலின் 51 அமினோ அமிலங்கள் கோத்த மாலை என்று 1950-களில் சாங்கர் கண்டறிந்தார். 1969-ல் டோரதி ஹாட்ஜ்கின் குழு அதன் முப்பரிமாண வடிவத்தை எக்ஸ்ரே மூலம் வெளியிட்டது. அக்குழுவில் நம் நாட்டு விஞ்ஞானி எம். விஜயனும் ஒருவர். முன்பு மாடு, பன்றி ஆகியவற்றின் கணையத்திலிருந்து எடுத்தார்கள். 1978-ல் மனித இன்சுலினின் மரபணுவைப் பாக்டீரியாவுக்குள் வைத்து அங்கேயே தயாரிக்கும் முறை வந்தது. 2024-ல் சீனாவின் டியான்ஜின் நகர ஆய்வாளர்கள், முதல் வகை நோயுள்ள ஒரு பெண்ணின் சொந்தச் செல்களிலிருந்தே இன்சுலின் சுரக்கும் திட்டுகளை வளர்த்து அவருக்கே பொருத்தியதாக அறிவித்தனர். அவர் ஓராண்டுக்கு மேல் ஊசி இல்லாமல் இருந்தார். ஆராய்ச்சி இவ்வளவு தூரம் போயிருக்கிறது. ஆனால் அது நம் வீட்டுத் திண்ணைக்கு வந்து சேரும்வரை, கையில் இருப்பதைக் கொண்டு காலைக் காப்பாற்றியாக வேண்டும்.

வேலூர் கற்றுத் தந்த பாடம்

காலைப் பற்றி ஏன் இவ்வளவு கவலை? உடம்பிலேயே நீளமான நரம்புகள் பாதத்துக்குச் செல்பவை. சர்க்கரையால் முதலில் அடிபடுவதும் பெரும்பாலும் அவைதான். முதலில் எரிச்சல், மதமதப்பு. பிறகு உணர்ச்சியே போய்விடும். பஞ்சு மேல நடக்கிற மாதிரி இருக்கு என்பார்கள்.

உணர்ச்சி போன பாதம் என்ன ஆகும் என்பதை உலகுக்குச் சொன்னது வேலூர். நம் ஊரும் அப்போது அதே வட ஆற்காடு மாவட்டத்தில்தான் இருந்தது. 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் விரல்கள் தானாக அழுகி விழுவதில்லை என்று கண்டறிந்தார். வலி தெரியாததால் சூடான பாத்திரத்தைப் பிடிக்கிறார்கள், ஆணி குத்திய காலோடு நடக்கிறார்கள், இரவில் எலி கடித்தாலும் தெரிவதில்லை. சின்னக் காயம் பெரிய புண்ணாகி விரலைக் கொண்டுபோகிறது. ஆக, வலி என்பது உடம்பின் அலாரம் மணி. இதைப் புரிந்துகொண்டு, மைக்ரோசெல்லுலர் ரப்பர் என்ற மெத்தென்ற ரப்பரில் அவர்களுக்குச் செருப்புகள் தயாரித்தனர். அதுதான் இன்று நாம் சொல்லும் எம்.சி.ஆர். செருப்பு. 1966-ல் பிராண்ட் அமெரிக்காவின் கார்வில் நகருக்குச் சென்றார். வேலூரில் கற்ற இதே பாடம் அங்கே சர்க்கரை நோயாளிகளின் பாதங்களுக்கும் பயன்பட்டது. நோய்கள் இரண்டும் வேறு, தொடர்பே கிடையாது. உணர்ச்சி போன பாதத்துக்கு ஆபத்து மட்டும் ஒன்றே.

எங்கள் ஆயா ஒரு பௌர்ணமி கிரிவலம் முடித்து வீட்டுக்குள் வந்தபோது, சிமெண்ட் தரையில் ரத்தத் தடம் பதிந்தது. திருப்பிப் பார்த்தால் உள்ளங்காலில் கண்ணாடிச் சில்லு. "எனக்கு ஒண்ணும் நோவலியேப்பா" என்றார். எத்தனை கிலோமீட்டர் அதோடு நடந்தார் என்று அவருக்கே தெரியாது. புண் ஆற நான்கு மாதம் ஆனது. ஒரு விரலை எடுத்துவிட்டார்கள்.

கிரிவலமும் பாதமும்

கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். நடப்பது சர்க்கரை நோய்க்கு மிக நல்லது. வேலை செய்யும் தசை இன்சுலினை அதிகம் எதிர்பாராமலே குளுக்கோஸை இழுத்துக்கொள்ளும். எனவே நடக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எப்படி நடப்பது என்பதுதான் கேள்வி. டாக்டர்கள் பொதுவாகச் சொல்லும் அறிவுரைகளைத் தொகுத்துத் தருகிறேன்.

1. உணர்ச்சி குறைந்த காலோடு வெறுங்காலில் நடக்கவே கூடாது. பகலில் தார் ரோட்டின் சூடும், இரவில் கல்லும் கண்ணாடியும் தெரியாது. மலையைச் சுற்றுவதற்குப் பக்திதான் வேண்டும், புண் வேண்டாம். கோவிலுக்குள் செருப்பைக் கழற்றினாலும், வெயில் தணிந்த நேரமாகப் பார்த்துப் போகலாம்.

2. தினமும் இரவில் இரண்டு உள்ளங்கால்களையும் விரல் இடுக்குகளையும் பார்க்க வேண்டும். குனிய முடியாதவர்கள் தரையில் கண்ணாடி வைத்துப் பார்க்கலாம். கண் தெரியாவிட்டால் பேரப்பிள்ளை பார்க்கட்டும்.

3. வெந்நீரின் சூட்டைக் காலால் பார்க்கக் கூடாது. முழங்கையால் பார்க்க வேண்டும். ஒத்தடம் வேண்டாம். கால் ஆணியை பிளேடால் வெட்டுவது கூடவே கூடாது.

4. மாத்திரையோ ஊசியோ போட்டுக்கொண்டு சாப்பிடாமல் நீண்ட தூரம் நடந்தால் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கிவிடலாம். கிருத்திகை, பிரதோஷம் என்று விரதம் இருப்பவர்கள் முன்கூட்டியே டாக்டரிடம் கேட்க வேண்டும். வியர்வை, நடுக்கம், படபடப்பு, பேச்சுக் குழறல் வந்தால் உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். 15 நிமிடத்தில் சரியாகாவிட்டால் மறுபடியும் குடிக்கலாம். மயங்கிவிட்டவர் வாயில் எதையும் ஊற்றாமல் 108-க்குப் போன் செய்யுங்கள்.

5. ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில் உபயோகத்தில் உள்ள இன்சுலின் பாட்டிலை, தண்ணீர் படாமல் மூடி, ஈர மணல்மேல் வைத்த மண் பானையில் வைக்கலாம். நீர் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துக்கொள்ளும் என்பது நாம் படித்த பாடம்தானே!

காலில் உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்க டாக்டரிடம் எளிய கருவி ஒன்று உண்டு. ஒரு நைலான் இழை. சரியாக 10 கிராம் விசையில் அது வளையும். கண்ணை மூடிக்கொண்டு, இழை பட்ட இடத்தைச் சொல்ல வேண்டும். சொல்ல முடியாவிட்டால் அந்தக் காலின் அலாரம் போய்விட்டது என்று பொருள். சர்க்கரை உள்ளவர்கள் ஆண்டுக்கு ஒருமுறையாவது பாதம், கண், சிறுநீரகம் மூன்றையும் காட்ட வேண்டும்.

ரிப்போர்ட்டைப் படிப்பது எப்படி?

இந்த எண்களை நோட்டில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். எல்லாம் 100 மில்லி ரத்தத்தில் உள்ள மில்லிகிராம் கணக்கு.

வெறும் வயிற்றில் (ஃபாஸ்டிங்): 100-க்குக் கீழ் நல்லது. 100 முதல் 125 வரை வாசற்படி. 126-ம் அதற்கு மேலும் நோய்.

75 கிராம் குளுக்கோஸ் குடித்து 2 மணி நேரம் கழித்து: 140-க்குக் கீழ் நல்லது. 140 முதல் 199 வரை வாசற்படி. 200-ம் அதற்கு மேலும் நோய்.

எச்.பி.ஏ.1.சி. (சதவீதம்): 5.7-க்குக் கீழ் நல்லது. 5.7 முதல் 6.4 வரை வாசற்படி. 6.5-ம் அதற்கு மேலும் நோய்.

தொல்லை எதுவும் இல்லாதவருக்கு ஒரே ஒரு தடவை பார்த்து நோய் என்று முடிவு செய்யமாட்டார்கள். மறுபடியும் பரிசோதித்து உறுதி செய்வார்கள். மூன்றாவதாக உள்ள எச்.பி.ஏ.1.சி. சுவையான விஷயம். ரத்தச் சிவப்பணு சுமார் 120 நாள் வாழும். அதிலுள்ள ஹீமோகுளோபினில் குளுக்கோஸ் ஒட்டிக்கொண்டே வரும். எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்று பார்த்தால் ஏறக்குறைய மூன்று மாதச் சராசரி தெரிந்துவிடும். டெஸ்டுக்கு முந்தின நாள் மட்டும் பட்டினி கிடந்து ஏமாற்ற முடியாது!

வீட்டில் உள்ள குளுக்கோமீட்டரும் நம் பாடம்தான். ஸ்ட்ரிப்பில் உள்ள என்சைம் குளுக்கோஸிலிருந்து எலெக்ட்ரான்களைப் பறிக்கிறது. அவை மைக்ரோ ஆம்பியர் அளவில் கரண்டாக ஓடுகின்றன. மீட்டர் அந்தக் கரண்டை அளந்து எண்ணாகக் காட்டுகிறது. இதிலும் டாலரன்ஸ் உண்டு. 2013-ஆம் ஆண்டு ஐ.எஸ்.ஓ. தர விதிப்படி, 100-ம் அதற்கு மேலும் இருக்கும்போது 15 சதவீதம் வரை முன்பின் காட்டலாம். 160, 170 என்று இரண்டு தரம் மாறிக் காட்டினால் மீட்டரைத் திட்டாதீர்கள். கையில் சர்க்கரையோ பழச்சாறோ ஒட்டியிருந்தாலும் தவறாகக் காட்டும். எனவே கழுவித் துடைத்த பிறகே குத்த வேண்டும்.

வராமல் தடுக்க முடியுமா?

முடியும் என்று காட்டியதும் நம் சென்னைதான். 1954-லேயே ராயபுரத்தில் பேராசிரியர் எம். விசுவநாதன் தொடங்கிய மருத்துவமனை, பின்னர் நீரிழிவுக்கென்றே தனி மருத்துவமனையாக மாறிய நகரம் அது. டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர், வாசற்படியில் நின்ற 531 பேரை நான்கு பிரிவுகளாகப் பிரித்து ஆராய்ந்து, 2006-ல் முடிவை வெளியிட்டனர். வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் மூன்றாண்டில் 100-க்கு 55 பேருக்கு நோய் வந்துவிட்டது. தினமும் அரைமணி நேரம் நடந்து, உணவைத் திருத்திக்கொண்ட பிரிவில் அது 39 ஆகக் குறைந்தது. மெட்பார்மின் மாத்திரை சாப்பிட்ட பிரிவில் ஏறக்குறைய அதே அளவுதான், 40.5. அதாவது, ஒரு மாத்திரைக்குச் சமமான வேலையைக் கால்நடை செய்துவிட்டது!

உணவில் ஒரு எச்சரிக்கை. "கேழ்வரகு களிதானே, எவ்வளவு வேணா சாப்பிடலாம்" என்கிறார்கள். கேழ்வரகில் நார்ச்சத்து உண்டு, சுண்ணாம்புச் சத்து உண்டு. ஆனால் அதிலும் பெரும்பங்கு மாவுச்சத்துதான். உருண்டை பெரிதானால் சர்க்கரையும் ஏறும். அளவைக் குறைத்து, கீரை, காய், பயறு இவற்றைக் கூட்டுவதே வழி. ஒல்லியாக இருப்பவர்களும் தைரியமாக இருந்துவிட முடியாது. நம் நாட்டவருக்கு உடல் மெலிந்திருந்தாலும் வயிற்றில் கொழுப்பு சேரும் இயல்பு உண்டு. ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்டிமீட்டரையும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரையும் தாண்டினால் எச்சரிக்கை என்று கொள்க. பெற்றோருக்குச் சர்க்கரை இருந்தால் நாமும் பரிசோதித்துக்கொள்வது நல்லது.

நண்பர்களே! மருந்தின் அளவை முடிவு செய்வது டாக்டரின் வேலை. நாமாகக் கூட்டவோ குறைக்கவோ நிறுத்தவோ கூடாது. ஆனால் அளப்பது, எண்ணைப் படிப்பது, படித்ததை வீட்டாருக்கு அவர்கள் பாஷையில் எடுத்துச் சொல்வது, தினமும் அந்தக் காலைத் திருப்பிப் பார்ப்பது, இவையெல்லாம் நம் வேலை. வலி என்ற அலாரம் இல்லாத நோய்க்கு வீட்டில் படித்த பிள்ளைதான் அலாரம். ஆளுக்கு ஒரு பெரியவரின் ரிப்போர்ட்டையும் பாதத்தையும் பொறுப்பாக ஏற்றுக்கொண்டால், இந்தக் கல்லூரியிலிருந்து மட்டும் எத்தனை பாதங்களைக் காப்பாற்றலாம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

வருமுன் காப்போம்! வந்தபின் கவனமாய் வாழ்வோம்!